புதுச் சில்லுக்கு நாலு தேசிக்காய்

தம்பி, அந்தப் பையில கால் முட்டாமல் கொஞ்சம் அங்கால வையுங்கோ. குறை நினைக்காதேங்கோ. சாமிச் சாமான். ஒரு தேங்காயும் நாலு தேசிக்காயும் கிடக்கு. கால் பட்டுதெண்டால் நான் திரும்பிப் போய் வேற வாங்கவேணும். இந்த நாட்டில நல்ல தேங்காய் எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. பத்தை ஆட்டிப் பார்த்தால் ஒண்டிலதான் தண்ணிச் சத்தம் கேக்கும்.

நீங்கள் போனில தமிழ் கதைச்சதைக் கேட்டுத்தான் இந்தச் சீற்றில வந்து இருந்தனான். எந்த இடம் நீங்கள்? சாவகச்சேரியோ. நான் கரவெட்டி. வந்து முப்பத்திரண்டு வருசம். முதல் இந்த நாட்டு வடக்கில மீன் பக்டரி, பேந்துதான் இந்தப் பக்கம். எங்க இறங்கிறியள்? கடைசித் தரிப்போ? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பஸ் போய்ச் சேர இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு.

அந்தத் தரிப்பில பெரிய ஆசுப்பத்திரி ஒண்டு இருக்கு. முள்ளந்தண்டு முறிஞ்ச ஆக்களைப் பழக்கி எடுக்கிற இடம். என்ர மகள் அங்கதான், ஏழு மாசமா. சாம்பவி. இருபத்திரண்டு வயசு. இண்டைக்கு அவளுக்குச் சொந்தச் சில்லுக் கதிரை குடுக்கினம். இவ்வளவு நாளும் ஆசுப்பத்திரிக் கதிரையிலதான் இருந்தவள். இது அவளின்ர அளவெடுத்துச் செய்தது. இனி அதுதான் அவளுக்குக் கால். சொல்லிப்போட்டன் தம்பி. மறைச்சு என்ன செய்யிறது.

என்ர வேலையோ? ஐஸ் போடுறது. சிரிக்காதேங்கோ, ஐஸ்பழம் இல்லை. எங்கட ஊரில ஒரு ஐஸ் மண்டபம் இருக்கு. உள்ளுக்கு நானூறு மீற்றர் சுத்து, முழுக்க ஐஸ். நாட்டுக்காக ஓடுறவை அதிலதான் பழகீனம். சப்பாத்துக்குக் கீழ கத்தி பூட்டிக்கொண்டு, முதுகை வளைச்சுக்கொண்டு, கார் போற வேகத்தில ஓடுவினம். ஆனா அது அவைக்கு மட்டும் கட்டினது இல்லை. கட்டேக்கையே ஊர்ச்சனத்துக்கும் சேர்த்துத்தான் கட்டினது. வாசலில ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கு, வெல்லுறவைக்கும் எல்லாருக்கும் எண்டு. காலமை வெல்லுறவை. பின்னேரம் எல்லாரும். பள்ளிக்கூடப் பிள்ளையள், கிழடு கட்டையள், எங்களைப் போல வந்த சனம்.

ரெண்டு பேருக்கும் ஒரே ஐஸ் எண்டு நினைக்காதேங்கோ. வெல்லுறவைக்கு ஐஸ் கண்ணாடி மாதிரி இறுகி இருக்கவேணும், கத்தி புதையக்கூடாது. பிள்ளையளுக்கு அப்பிடி இருந்தால் விழுந்து மண்டையை உடைக்குங்கள். அதுக்கு நான் மத்தியானமே குளிரைக் கொஞ்சம் தளர்த்தி விடுவன். ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லித் தரேல்லை. பதினேழு வருசம் அதில நிண்டு நானாப் பிடிச்சது. பயிற்சி குடுக்கிறவன் ஒருநாள் குனிஞ்சு கையால தடவிப்போட்டு, தியாகு, இந்த நாட்டில இப்பிடி ஐஸ் ஒரு இடத்திலயும் இல்லை எண்டு சொன்னவன். தியாகராசா எண்டு சொல்ல அவங்களுக்கு நாக்குப் பிரளாது. பெருமைக்குச் சொல்லேல்லை. நான் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியவேணும்.

சாம்பவி அங்க தொடங்கினது எல்லாரும் வாற நேரத்திலதான். கௌசலா எண்டு ஒரு பிள்ளை, முல்லைத்தீவுப் பக்கம். முதியோர் இல்லத்தில வேலை. இஞ்ச வந்துதான் அவள் ஐஸையே கண்டவள். ஆனா விழுந்து எழும்பித் தானாப் பழகி, வெள்ளிக்கிழமை பின்னேரத்தில ஊர்ப் பிள்ளையளுக்குப் பழக்கத் தொடங்கினவள். சம்பளம் இல்லை. எங்கட பிள்ளையள், சோமாலியாப் பிள்ளையள், வெள்ளைப் பிள்ளையள், ஒரு நாப்பது வரும். முதல் நாள் வாற பிள்ளைக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் குடுப்பாள், அதைப் பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி. என்ர பிள்ளையும் ஆறு வயசில அப்பிடித்தான் போனது. பதினாலு வயசில வெள்ளிக்கிழமையில இருந்து காலமை ஆக்களுக்குள்ள எடுத்திட்டாங்கள். அந்த மண்டபத்தில பின்னேரத்தில இருந்து காலமைக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். எங்கட ஆக்களில எண்டு சொல்லேல்லை, எல்லாருக்குள்ளயும்.

கௌசலா கெட்டவள் எண்டு நான் சொல்லமாட்டன். மனசு நல்லது. நாக்குத்தான் கரிநாக்கு. ஏழு மாசத்துக்கு முதல் அந்த வெள்ளிக்கிழமையும் வகுப்பு முடிஞ்சு போகேக்க என்னைக் கண்டிட்டு, அண்ணை, நேற்று சாம்பவி ஓடினதைப் பாத்தன், காலே நிலத்தில முட்டுதில்லை எண்டாள். பாருங்கோ வார்த்தையை. காலே நிலத்தில முட்டுதில்லையாம். கண்ணூறு கழியச் சொன்ன வாயே துப்பவேணும். துப்பு எண்டு அவளுக்குச் சொல்லேலுமோ. நான் கூட்டுற தும்புத்தடியைப் பிடிச்சுக்கொண்டு சும்மா சிரிச்சுப்போட்டு நிண்டன்.

அண்டைக்குத்தான் புது மெஷினும் வந்தது. ஐஸைச் சீவிச் சுடுதண்ணி விட்டு மெழுகிற வாகனம். பழசு பெற்றோல், புகைக்கும். இது கரண்டில ஓடுறது, வெள்ளை நிறம், மாப்பிள்ளை மாதிரி நிண்டது. ரெண்டு கிழமையில நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. சாம்பவியின்ர பேர் பட்டியலில ரெண்டாவதா நிண்டது. அந்த மெஷின் முதல் முதல் மெழுகப்போற ஐஸில அடுத்த நாள் காலமை என்ர பிள்ளை ஓடப்போறாள். நீங்களே சொல்லுங்கோ. புது வாகனம். முதல் ஓட்டம். மேல ஒருத்தியின்ர கண்ணூறு, நாவூறு எல்லாம் சுடச்சுட இருக்கு. ஒண்டும் செய்யாமல் ஏறி ஓட்டலாமோ?

சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கே போயிட்டன். ஒரு குருவி இல்லை. மெஷின் அறை சீமெந்து நிலம். சந்தனம் குங்குமம் வைச்சன். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். கற்பூரம் கொளுத்தேல்லை, புகை பட்டால் மணி அடிச்சுத் தீயணைக்கிறவன் வந்திடுவான். கொளுத்தாமலே மூண்டு தரம் சுத்திக் காட்டினன், சாமிக்கு விளங்கும். பேந்து முன்னுக்கு நிண்டு தேங்காய் அடிச்சன். நல்ல உடைவு. வெள்ளை வெளேரெண்டு இருந்தது. எனக்கு அப்ப மனசில ஒரு ஆறுதல் வந்தது பாருங்கோ, சொல்லேலாது. பேந்து ஏறி மெல்ல நாலு தேசிக்காயையும் நசிச்சு முன்னுக்கு விட்டன்.

கூட்டினனான். வடிவாக் கூட்டினனான். தேசிக்காய்த் தோல், சிரட்டை, தும்பு எல்லாம் அள்ளி வாளியில போட்டனான். அதில பிழை சொல்லேலாது.

சில்லுக் கழுவுறதோ? ஓம், அதுவும் ஒரு விதி இருக்கு. ஐஸில ஏத்த முதல் சில்லை ஒவ்வொரு முறையும் குழாயால அடிச்சுக் கழுவவேணும். அந்தச் சில்லில வழுக்காமல் இருக்க ஆணி அடிச்சிருக்கும், இடுக்குக்குள்ள கல்லு மண் செருகும். ஹால்வர் எண்டு எங்கட மண்டபத்துப் பெரியவன், அதைப் பலகையில எழுதியே தொங்க விட்டிருக்கிறான். நான் பதினேழு வருசம் கழுவினனான் தம்பி, ஒருநாள் தப்பாமல். அண்டைக்குக் கழுவேல்லை. எப்பிடிக் கழுவுறது? தேசிக்காய் மிதிச்ச சில்லு. முதல் ஓட்டம் முடியிறதுக்குள்ள கழுவினால் செய்ததுக்கு என்ன பலன்? ஊரில பஸ்ஸுக்குத் தேசிக்காய் வைச்சிட்டு உடனே கழுவுறதை எங்கயாவது கண்டிருக்கிறியளோ? அதுதான். கழுவாமலே ஐஸில ஏத்தி மெழுகினன். ஒரேயொரு நாள்.

ஏழரைக்குச் சாம்பவி வந்தாள். மெஷினைப் பாத்திட்டுச் சிரிச்சவள். அப்பா, மெஷினுக்கும் பொட்டோ எண்டாள். மிச்சச் சந்தனம் விரலில இருந்தது, வா எண்டு கூப்பிட்டன். நெத்தியைக் காட்டிக்கொண்டு வந்தவள். ஓடேக்க போடுற தொப்பியை இழுத்து மேல விட்டிட்டு நிண்டவள். வைச்சன்.

நான் மெஷின் அறைக்குள்ள நிண்டு மெஷின்ர கத்தியைத் துடைக்கிறன். எட்டு எட்டரை இருக்கும். ஐஸில விழுகிற சத்தம் எனக்குப் பழக்கம், ஒரு நாளைக்கு ஐம்பது கேப்பன், திரும்பியும் பாக்கமாட்டன். இது விழுந்த சத்தம் இல்லை. சுவரில மெத்தை கட்டியிருக்கு, அதுக்குப் பின்னால இருக்கிற பலகை வெடிச்ச சத்தம். சப்பாத்தோடயே ஐஸில ஓடினன். ரெண்டு தரம் விழுந்தன். மெஷின் வெளியில வாற வாசல் இருக்கெல்லே, அந்த வளைவுதான். அவள் மல்லாக்கக் கிடக்கிறாள். கண் முழிப்பாத்தான் இருந்தது. என்னைக் கண்டிட்டு, அப்பா, என்ர காலைக் கொஞ்சம் நேராக்கி விடுங்கோ, மடங்கிக் கிடக்கு எண்டாள்.

ரெண்டு காலும் நேராத்தான் கிடந்தது தம்பி.

கொஞ்சம் தண்ணி இருக்கோ? நன்றி. இல்லை, காணும்.

பேந்து விசாரணை. ரெண்டு பேர் வந்தவை, ஒரு மனுசனும் ஒரு பொம்பிளையும். அந்த வளைவில ஐஸுக்குள்ள இறுகிக் கிடந்தது, அவளின்ர கத்தி இதிலதான் தடக்கினது எண்டு ஒரு சின்னப் பையில போட்டு என்னட்டைக் காட்டினவை. பெருவிரல் நகத்தளவு. மண்ணிறம். ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் கொஞ்சம் தும்பு. மரத்துண்டாக்கும் எண்டு அந்த மனுசன் சொன்னான். நான் ஒண்டும் சொல்லேல்லை. மரமோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. அந்தப் பொம்பிளை கேட்டது, காலமை ஐஸில ஏதும் கண்டனியோ எண்டு. காணேல்லை எண்டன். காணேல்லைத்தானே. கண்டிருந்தால் எடுத்திருக்கமாட்டனோ, என்ர பிள்ளை ஓடுற ஐஸ்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? உலகத்தில மண்ணிறமா எத்தனை சாமான் கிடக்கு. நான் இதை ஏழு மாசமா யோசிச்சு வைச்சிருக்கிறன், கேளுங்கோ. தேங்காய் உடைச்சது அவளைக் காக்க. காக்க உடைச்ச தேங்காய் போய் அவளின்ர முதுகை முறிக்குமோ? அப்பிடியெண்டால் சாமி எண்டு ஒண்டு எதுக்கு? அதனால அது தேங்காயா இருக்கேலாது. நடந்தது என்னெண்டால், கண்ணூறு பெரிசு, தேங்காய் ஒண்டுதான். ரெண்டு உடைச்சிருக்கவேணும். அதில நான் விட்டிட்டன். அந்தப் பிழை என்னிலதான், ஒத்துக்கொள்ளுறன்.

விசாரணைக்கு வந்தவை எழுதினது என்னெண்டால், முதல் நாள் பின்னேரம் வந்த சனத்தின்ர சப்பாத்திலயோ பையிலயோ வந்த துண்டாம். வகுப்பு முடிய ஐஸைச் சுத்தி நடந்து பாத்துக் கையெழுத்து வைக்கிறது கௌசலாவின்ர வேலை. வைச்சிருக்கிறாள். கையெழுத்துக்குக் கீழ மாட்டிக்கொண்டாள். புது மெஷினைக் கொம்பனிக்காரன் வந்து கழட்டிப் பாத்திட்டு, மெஷினில பிழை இல்லை எண்டிட்டான். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையை நிப்பாட்டிப்போட்டாங்கள். எல்லாருக்கும் எண்ட எழுத்து இன்னும் வாசலிலதான் நிக்குது. முதல் வெள்ளிக்கிழமை பிள்ளையள் தெரியாமல் வந்திட்டுதுகள், சப்பாத்துகளைக் கழுத்தில கொழுவிக்கொண்டு. நான்தான் போய்க் கதவுக் கண்ணாடிக்குள்ளால கையைக் காட்டினன், இல்லை எண்டு.

கௌசலா எங்கட வீட்டுக்கு வந்தவள். என்ர மனுசி தேத்தண்ணி வைச்சுக் குடுத்தவள், தொடேல்லை. என்னைத்தான் பாத்தாள்.

"அண்ணை, நீங்கள் சனிக்கிழமை காலமை ஐஸ் சீவினனீங்கள்தானே?"

"சீவினனான்."

"அப்ப வெள்ளிக்கிழமைத் துண்டு எப்பிடி மிஞ்சும்? சீவினால் எல்லாம் அள்ளிக்கொண்டு போயிடும் எண்டு நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள். மெஷின் வெளியில வரேக்க மட்டும்தான் கத்தியைத் தூக்குறது, அப்ப சில்லில இருந்து விழுந்தால் ஈர ஐஸில ஒட்டிக்கொள்ளும், அதுக்குத்தான் சில்லுக் கழுவுறது எண்டு. எனக்கு ஞாபகம் இருக்கு."

எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருக்கிறாள் பாருங்கோ. எனக்கே வாத்தியார். பிள்ளை, மெஷின் புதுசு, கை பழகேல்லை, ஒரு இடம் தவறியிருக்கும் எண்டன்.

"அதை நீங்கள் ஹால்வரிட்ட ஒருக்காச் சொல்லுங்கோவன். எனக்காக இல்லை. அந்தப் பிள்ளையளுக்கு வேற இடம் இல்லை."

பாக்கிறன் எண்டன். நான் என்ர பிள்ளை படுக்கையில கிடக்கிற மனுசன் தம்பி. அந்த நேரத்தில நாலு பேரிட்டப் போய் ஐஸ் சீவுற கதை கதைச்சுக்கொண்டிருக்கேலுமோ? அவளும் பேந்து வரேல்லை. ரெண்டு மாசத்தில முதியோர் இல்லத்து வேலையையும் விட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டாள். கடையில எங்கட சனமே அவளைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினது எண்டு மனுசி சொன்னவள். நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. நல்லதும் சொல்லேல்லை, கெட்டதும் சொல்லேல்லை. நான் சொல்லுறது விளங்குதோ.

இப்ப என்ர கவலை என்னெண்டால் சாம்பவி. விசாரணைக் கடதாசியின்ர பிரதி ஒண்டு அவளுக்கும் வந்தது. அதில படம் இருக்கு, அந்தத் துண்டின்ர படம், பெருப்பிச்சு. நான் போன நேரம் அதை மடியில வைச்சுக்கொண்டு இருந்தாள். அந்தப் படத்தில விரலை வைச்சாள். பேந்து கேட்டாள்.

"அப்பா, அண்டைக்கு மெஷினுக்குப் பொட்டு மட்டும்தான் வைச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. வேற என்ன."

கடதாசியை மடிச்சு வைச்சாள். பேந்து தமிழை விட்டிட்டு, இந்த நாட்டுப் பாசை நோர்ஸ்க்கில ஒண்டு சொன்னாள். எனக்கு நோர்ஸ்க் விளங்கும், ஆனா ஐஸ் சம்பந்தமான நோர்ஸ்க்தான் வடிவா வரும். ஆறுதலாத்தான் சொன்னவள். கௌசலா அன்ரிதான் எனக்கு நிக்கப் பழக்கினது, நீ அதைச் சொல்லிப்போட்டு வா, அதுவரைக்கும் வராதே எண்டு. நான் அங்க கடைசியாப் போய் ஐந்து மாசம் ஆச்சு. அதுக்குப் பிறகு போனிலயும் என்னோட நோர்ஸ்க்தான். தாயோட தமிழ். என்னோட நோர்ஸ்க். ஆசுப்பத்திரியில எல்லாரும் வெள்ளைக்காரர், அதே பழகிப் போச்சாக்கும். இல்லாட்டில் அந்தக் கௌசலா போய் என்னவும் ஓதியிருக்கவேணும். போய்ப் பாத்தவளாம்.

எதைச் சொல்லிப்போட்டு வா எண்டு அவள் சொல்லேல்லை பாருங்கோ. எதைச் சொல்லுறது? சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? உங்களுக்கு இப்ப சொன்னன்தானே, முழுக்க. இதில ஒளிக்க ஏதும் இருக்கோ? முன்பின் தெரியாத உங்களுக்கே சொன்னவன், கேட்டால் ஆருக்கும் சொல்லுவன். ஹால்வர் கேக்கேல்லை. அவை கேக்கேல்லை.

வராதே எண்டு சொன்னது ஓம். ஆனா இண்டைக்கு எப்பிடி வராமல் விடுறது? புதுக் கதிரை. நாலு சில்லு, ரெண்டு பெரிசு ரெண்டு சின்னன். முதல் முதல் உருளப்போகுது. இனிக் காலம் முழுக்க அவள் அதிலதான் போகவேணும், வேலைக்கு, கடைக்கு, எல்லாத்துக்கும். வெறும் சில்லா உருள விடலாமோ? மனுசிக்கும் சொல்லேல்லை, அவள் போனில சொல்லிப்போடுவாள். ரெண்டு தேங்காய்தான் வாங்கப் போனனான். மற்றதெல்லாம் அழுகல். இது ஒண்டுதான் தண்ணி இருந்தது.

இந்தா, அந்த நீல நிறக் கட்டடம் தெரியுதெல்லே, அதுதான். பொத்தானை அமத்துங்கோ.

தம்பி, உங்களுக்கு அவசரமோ? ஒரு அஞ்சு நிமிசம். வாசலில சீமெந்து நிலம் இருக்கு, பாத்து வைச்சிருக்கிறன், அதிலதான் அடிக்கப்போறன். எனக்குக் கிட்டப் பார்வை சரியில்லை, கண்ணாடியை இண்டைக்கும் வீட்டில விட்டிட்டன். குனிஞ்சு ஒவ்வொரு துண்டா கையால பொறுக்குவன், தும்புத்தடி சரிவராது. சில்லையும் கழுவிப்போட்டுத்தான் உருட்ட விடுவன். நீங்கள் பக்கத்தில நிண்டு, துண்டு ஏதும் மிஞ்சிக் கிடக்கோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. அண்டைக்கு எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் நிக்கேல்லை.